செடி நிற்கும், பந்து வரும்

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக்காரன் அழகையா. தேயிலைக் கிளையைக் கீழிருந்து மேலாகச் சாய்த்து ஒரே இழுப்பில் வெட்டுவான். வெட்டின இடத்தில் நார் தொங்காது. அந்தக் கையைப் பார்த்துத்தான் துரைக்குக் கிறுக்குப் பிடித்தது.

பக்கத்துத் தோட்டத்துத் துரையோடு பதுளை மைதானத்தில் கிரிக்கெட் பந்தயம். வெள்ளைக்காரன் எவனும் இறங்கக்கூடாது, கூலிகளை வைத்தே ஆடவேண்டும் என்று கிளப்பில் குடித்துவிட்டுப் பேசிக்கொண்டார்களாம். மறுநாள் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், துரை மாடு பிரிப்பதுபோல் ஆட்களைப் பிரித்தார். கல் எறியத் தெரிந்தவன் பந்து வீசுகிறவன். கத்தி பிடிக்கிறவன் மட்டை பிடிக்கிறவன். தபால் பையோடு பதுளைக்கு ஒரே நிதானமாக நடந்து போய் வரும் வீரய்யா ஓட்டக்காரன். அட, என்ன மூளை!

"செடி நிக்குங்க தொரை. நான் பாத்து வெட்டுறேன். பந்து அது இஷ்டத்துக்கு வருது. ரெண்டும் ஒண்ணாங்க?" என்று அழகையா கேட்டான்.

"கை ஒண்ணுதானே," என்றார் துரை. "நீ கிட்டிப்புள் அடிக்கிறது நான் பாத்தேன். ஜெயிச்சா லயத்துல கடைசிக் காம்பரா உனக்கு."

அழகையாவின் பெண்சாதி பெரியாயிக்கு அது எட்டாம் மாதம். லயத்து வரிசையில் ஒரே காம்பரா, அந்த ஒரே அறையில் அவர்களும் இன்னொரு குடும்பமாக ரெங்கம்மாவும் அவள் புருஷனும். நடுவே ஒரு சாக்குப் படுதா. அந்தச் சாக்கு எப்போதும் நாறும். அங்கேதான் பெரியாயி பிள்ளை பெறவேண்டுமா?

ஒரு மாதம் பங்களா வாசலில் பயிற்சி நடந்தது. "நேரா, நேரா" என்று துரை பிரம்பால் அவன் முழங்கையைத் தட்டினார். கை நேரானது, கவ்வாத்து கெட்டது. சாய்ந்து ஏறவேண்டிய கத்தி நேராக இறங்கிக் கிளையைப் பிளந்தது.

"செடியக் கொல்லவாடா வந்த?" என்று கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசினார்.

பந்தய நாளில் கடைசி ஜோடியாக அழகையாவும் வீரய்யாவும் நின்றார்கள். ஜெயிக்க இரண்டு ஓட்டம் வேண்டும். வந்த பந்தை அழகையா ஓங்கி அடித்தான். அது எல்லாரையும் தாண்டிப் போய் எல்லைக்கு முன்னால் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் துரை சொன்னதெல்லாம் பறந்துபோய், உடம்புக்குப் பழகினது மட்டும் மிஞ்சியது. கிட்டிப்புள்ளில் அடித்தவன் ஓடமாட்டான். புள் போன தூரத்தைக் கோலால் அளப்பான். அழகையா குனிந்து, மட்டையைத் தரையில் கிடத்தி, "ஒண்ணு, ரெண்டு" என்று அளந்துகொண்டே போனான்.

தபால் நடையில் வந்த வீரய்யா பாதி வழியில் திகைத்து நின்றான். "என்னண்ணே அளக்குற? ஓடுண்ணே."

பந்து திரும்பி வந்து குச்சியைத் தட்டியது. ஆட்டம் முடிந்தது.

துரைசானிமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோற்ற துரையே எல்லாரிலும் அதிகமாகச் சிரித்தார். சிரிக்க வைத்ததற்குப் பரிசு என்று அந்த மட்டையை அழகையாவின் கையில் கொடுத்து, "கூலிக்கு எது சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது" என்று பக்கத்துத் துரையிடம் சொன்னார். சீ, இந்தத் துரையும் ஒரு மனுஷப் பிறவியா? அழகையா தோட்டம் வரை துப்பிக்கொண்டே நடந்தான்.

கடைசிக் காம்பரா பூட்டியபடியே கிடந்தது.

அடுத்த மாதம் அடைமழையில், நண்பகலில், பெரியாயிக்கு வலி கண்டது. "வெந்நி வைக்கணும், வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு," என்றாள் ரெங்கம்மா. மூலையில் மட்டை காய்ந்துபோய்ச் சாய்ந்திருந்தது. அழகையா அதை வாசலில் நிறுத்திக் கத்தியை ஓங்கினான். கை கொஞ்சமும் சாயாமல் நேராக இறங்கியது. மட்டை இரண்டாகப் பிளந்தது. துரையின் ஒரு மாதப் படிப்பு அதற்காவது உதவியது.

தண்ணீர் கொதிப்பதற்குள் சாக்குக்கு அந்தப்பக்கம் பிள்ளை அழுதது. மழைக்கு வெளியே போக வழியில்லாமல், ரெங்கம்மாவின் புருஷன் இந்தப்பக்கம் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.