முதலாளி காரின் காற்றுக் குழாய்

காற்றைக் குடித்தால் நிமிரும், கக்கினால் உட்காரும். அது என்ன?

பலூன் என்பீர்கள். அறுபதுகளில் தென்காசியில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு வெளிநாட்டுக் காரின் ஷாக் அப்சர்பர் அது. எங்கள் தொழிலில் எண்ணெய் ஒழுகினால் தரையில் தெரியும்; காற்று ஒழுகினால் எதுவும் தெரியாது. வண்டியோடு மல்லுக்கட்டியவர்களே, உங்களுக்கு இது புரியும்.

புளியறைக்கு அப்பால் தோட்டம் வைத்திருந்த முதலாளியின் கார். ஸ்டியரிங் அருகே ஒரு குமிழைத் திருகினால் காற்று ஏறி, பின்பக்கம் உயரும். சீசனுக்குக் குற்றாலம் வந்த இடத்தில் அவருடைய எட்டு வயது மகள் வள்ளி வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டு. வெள்ளிக்கிழமை மலைப்பாதையில் அவளைக் குலுங்காமல் வீடு சேர்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் காரில் ஏற்றிய காற்று நிற்கவில்லை.

சோப்பு நுரை

புதன்கிழமை ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினேன். குமிழி வரும் இடத்தில் ஓட்டை. ஸ்பானர் எடுத்து வருவதற்குள் நுரையைக் காணோம். முதலாளியின் டிரைவர் இசக்கி வாளியோடு நின்றான்.

“சோப்பைப் போட்டுட்டு அலசாமப் போயிட்டீங்களே அண்ணாச்சி! நான்தான் மூணு வாளி ஊத்தினேன்.”

எண்ணெய்த் தேய்ப்பு

மறுபடி தடவிப் பார்த்ததில் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தது. புதிது மாட்டி அனுப்பினேன். வியாழக்கிழமை காலை, கார் பின்பக்கம் தொங்கத் தொங்க வந்தது. குழாயின் முனை கவ்வியிலிருந்து வழுக்கி வெளியே வந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன்; நல்லெண்ணெய். ஐந்தருவியில் குளிக்கப் போன இசக்கி, தன் உடம்பில் தேய்த்தது போக மிச்சத்தைக் குழாய்க்குத் தேய்த்திருக்கிறான். ஏன்லே இப்படிப் பண்ணினே என்று கத்தினேன்.

“புதுக் குழாய்லா அண்ணாச்சி, வெறச்சுக் கெடந்துச்சு. ஒடம்பு இளகட்டும்னுதான்.”

ஐந்து தடவை

எண்ணெயைத் துடைத்து, குழாயை மாட்டி, கவ்வியை இறுக்கினேன். வெள்ளிக்கிழமை காலை அடிக்கோல் வைத்து அளந்தேன். பின்பக்கம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. வள்ளியைத் தூக்கிவந்து பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. குமிழைத் திருகி ஏற்றினார், இறக்கினார். வழியனுப்ப ஆலங்குளத்திலிருந்து வந்திருந்த மைத்துனருக்காக மறுபடி ஏற்றினார், இறக்கினார். “பாத்தியாட்டி வள்ளி, யானை மாதிரி எந்திரிக்கு!” என்று ஐந்தாவது தடவை திருகியபோது அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நிக்கும்போதே இந்த ஆட்டம் ஆடுது. நான் ரயில்ல வாரேன்ப்பா.”

மூன்று நாள் என் உயிரை வாங்கி, கடைசியில் ஒரு பொட்டுக் காற்றும் ஒழுகாமல் நின்ற அந்தக் காரில் பெட்டி படுக்கைகள் போயின. வள்ளி ரயிலில் போனாள்.