ஜெரார் அண்ணன் காருக்கு நான் கடைந்த தகடு

அலுமினியம் கடையும்போது மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே இருப்போம். அப்போதுதான் உளியில் ஒட்டாமல் சுருள் சுருளாக வரும். சாயங்காலம் தலைக்குக் குளித்தாலும் அந்த வாசனை போகாது... பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

பதினைந்து வருடம் இருக்கும். டிப்ளமா முடித்துவிட்டு மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை பார்த்தேன், அங்கே நான் ஒருத்திதான் பெண். நம்ம பாண்டி மேட்டுப்பாளையம்தான், ஊட்டிக்குப் போகிற வழி இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பெயர் ஜெரார், ஸ்கூலில் பிரெஞ்சு வாத்தியார். கையில் பழைய துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"மாஸ்டர் இல்லியா?"

"முதலாளி வெளிய போயிருக்காரு. லேத்து நான்தான் ஓட்றேன், சொல்லுங்க சார்."

கொஞ்சம் யோசித்துவிட்டுத் துண்டைப் பிரித்தார். உள்ளே த்ராட்டில் பாடி. ஒன்றுமில்லை, ஒரு குழாய், அதன் நடுவில் ஒரு வட்டத் தகடு. காரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு கேபிள் இழுத்து அந்தத் தகடு திரும்பி வழிவிடும், இன்ஜினுக்குக் காற்று போகும்.

"அழுத்துனா வண்டி யோசிச்சி யோசிச்சி போவுதுமா. இந்தக் குழாய நாலு மில்லி பெருசு பண்ணிக் குடு."

அளந்து பார்த்தேன். ஒரு பக்கம் சுவர் ரொம்ப மெல்லிசு. நாலு மில்லி எடுத்தால் கிழிந்துவிடும். அந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதும் நின்றுபோயிருந்தது.

"ரெண்டுதான் சார் எடுக்க முடியும். அதுக்கு மேலன்னா வேற எடம் பாத்துக்குங்க."

ஒரு கஸ்டமரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, ரெண்டு."

நாற்பத்தாறு மில்லி, நாற்பத்தெட்டு ஆனது. பழைய தகடு சின்னதாகிவிடும் இல்லையா... பித்தளையில் புதிதாக ஒன்று, சுத்தமான வட்டமாகக் கடைந்து மாட்டினேன். விரலால் தள்ளிப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு போனது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கேட்டைத் திறக்கும்போதே அவர் நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"பெடலு ஒட்டிக்குதுமா. அழுத்துனா வரல. கொஞ்சம் சேத்து அழுத்துனா ஒரே பாய்ச்சலா பாயுது. நேத்து வைத்திக்குப்பத்துல ஒரு அம்மா மீன் கூடைய எறக்கி வச்சிட்டு நிக்குறாங்க... ஒரு ஜாண் தள்ளி நின்னுச்சி வண்டி."

வண்டிச் சாவிக்குக் கையை நீட்டினேன்.

"தப்பு என்னுதுதான் சார். இன்னிக்கு வண்டிய எடுக்காதீங்க, இங்கயே விட்டுட்டுப் போங்க."

மத்தியானம் வரை சாப்பிடவில்லை. பழைய தகட்டையும் என் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு முறை பழையதைக் குறுக்கே அளந்தேன். பிறகு ஏதோ தோன்றி, நெடுக்கே அளந்தேன்.

கால் மில்லி வித்தியாசம்.

அது வட்டமே இல்லை! துளி நீள்வட்டம். மூடும்போது நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்து உட்காரத்தான் அந்தக் கால் மில்லி. நான் செய்த வட்டம் நேராகப் போய் நின்றது. விரலுக்கு அடங்கியது, இன்ஜின் உறிஞ்சும்போது குழாயில் இறுகிக்கொண்டது.

சரி, லேத்தில் வட்டம்தானே வரும், நீள்வட்டத்துக்கு எங்கே போவது? ஒரு கம்பியின் முனையை ஆறு டிகிரி சாய்வாகச் சீவி, அதன்மேல் தகட்டைத் திருகி, அப்படியே சுழலவிட்டுக் கடைந்தேன். மூன்றாவது தகடுதான் சரியாக வந்தது.

சாயங்காலம் மாட்டி முடித்ததும் ஜெரார் அண்ணன் முன் கதவைத் திறந்துவிட்டார்.

"நீயும் ஏறு. ஒட்டுச்சின்னா நீயே பாரு."

கோரிமேட்டுப் பக்கம் போனோம். பக்கத்தில் ஒரு டவுன் பஸ். சிக்னலில் பச்சை விழுந்தது, லேசாகத்தான் அழுத்தினார். வண்டி யோசிக்கவில்லை. உடனே கிளம்பியது, உடனே அடங்கியது. அவர் நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

அதே வண்டியை வைத்திக்குப்பத்துக்கும் விடச் சொன்னேன். அந்த அம்மா அங்கேயேதான் இருந்தார்கள்.

"நேத்து துள்ளுன வண்டிதான இது?"

"ஆமாங்கம்மா. நான்தான் சரியா செய்யல. இப்ப சரி பண்ணிட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "நீயா செஞ்ச? சரி, சங்கரா இருக்கு, எடுத்துக்கினு போ. மண்ணெண்ண நாத்தத்துக்கு மீன் நாத்தம் ஒண்ணும் தெரியாது."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

இப்போது எனக்கே சொந்தப் பட்டறை. கம்ப்யூட்டரே ஓட்டுகிற இரண்டு சிஎன்சி மிஷின். நீள்வட்டம் வேண்டுமென்றால் நம்பரைத் தட்டினால் போதும். புதுக் கார்களில் பெடலுக்கும் தகட்டுக்கும் நடுவே கேபிள் கிடையாது, வெறும் ஒயர்தான். ஜெரார் அண்ணன் போன மாதம் எலெக்ட்ரிக் கார் வாங்கி, என்னையும் வீட்டுக்காரரையும் பீச் ரோடு வரை ஓட்டிக் காட்டினார். அழுத்தினதும் பறக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

வேலையும் குறைவில்லை. நான் செய்கிற பாகங்கள் நூறு நூறாகப் பெட்டியில் அடுக்கிப் போகின்றன. குறை இருந்தால் மெயில் வரும், இல்லையென்றால் மெயில் வராது. அவ்வளவுதான்.

நான் செய்தது எந்த வண்டியில், யார் காலுக்குக் கீழே இருக்கிறதென்று தெரியாது... ஏறி உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கத்தான் வழியில்லை.