பலெர்மோ நீதிமன்றத்தில் ஒரு பலகாரத் தட்டு

நவம்பர் முதல் வாரம் பலெர்மோ போனேன். கடல் பார்க்க அல்ல. என் மனைவியின் தங்கை ஜெசிந்தாவின் வழக்கு அந்த வியாழக்கிழமை முடிவதாக இருந்தது. மன்னார்க்காரி, இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே வீட்டு வேலை. பக்கத்து ஊரான பகேரியாவில் தான் வேலை செய்த வீட்டு எஜமானி சிஞ்ஞோராவின் தங்கக் காப்பைத் திருடினாள் என்று குற்றச்சாட்டு. தண்டனை விழுந்தால் பெர்மெஸ்ஸோ, அதாவது இத்தாலியில் தங்கும் அனுமதி, புதுப்பிக்கப்படுமா என்பதே சந்தேகம்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணி நேரம், ஆறு யூரோ எண்பது சதம். நிலையத்திலிருந்து அல்பெர்கேரியாவில் இருக்கும் அவள் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. சில்லு வைத்த பெட்டி வேண்டாம். அந்தக் கல் ஒழுங்கைகளில் என் பெட்டி ஒரு சில்லை இழந்தது.

அன்று மாலை வழக்கின் கதையைக் கேட்டேன். காப்பு காணாமல் போன வாரம் அந்த வீட்டுக்குள் ஆறு பேர் போய்வந்திருக்கிறார்கள். சந்தேகம் வேலைக்காரி மேல். அவளோ முதல் நாளே "எடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் நம்மவர் ஒருவர் நடுவே வந்தார். இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கரின் கோயில் சபைத் தலைவர், எல்லோருக்கும் அன்ரன் அண்ணை. "ஒருக்கால் மன்னிப்புக் கேட்டால் முடிஞ்சுது பிள்ளை" என்றார். அவள் மறுத்தாள். திருநாளுக்கென்று அவள் சுட்டுக் கோயிலில் வைத்திருந்த பயற்றம் பணியாரத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு, அவரே பகேரியாவுக்குப் போய், அவள் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நம் வீடுகளில் பாத்திரத்தின் அடியில் பெயர் வெட்டுவோம் அல்லவா? அந்தச் சில்வர் தட்டின் அடியில் அவள் பெயர். சிஞ்ஞோராவின் மகன் தட்டைப் பொலிசில் கொடுத்தான்: குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சி.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நியூ ஜெர்சி நீதிமன்றங்களில் இருபத்தாறு ஆண்டுகள் செய்தி எடுத்தவன் நான். அங்கே ஒவ்வொரு ஜூரியிடமும் நீதிபதி சொல்வது மனப்பாடம்: குற்றத்தை நிரூபிப்பது அரசின் பொறுப்பு; குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறக்கவே வேண்டியதில்லை; அந்த மௌனத்தை அவருக்கு எதிராக எடுக்கக் கூடாது. அமெரிக்கா புனிதமான இடம் என்று சொல்ல வரவில்லை. விசாரணைக்குப் பயந்து, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு வீடு போன ஏழைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள்கூடத் தங்கள் வாயால்தான் ஒப்புக்கொண்டார்கள். இவளுக்காக இன்னொருவர் ஒப்புக்கொண்டார், அதுவும் இவளுடைய பணியாரத்தோடு.

வியாழன் காலை கபோ சந்தை வழியாக நடந்தோம். நீதிமன்றம் அதன் அருகே, வீட்டிலிருந்து இருபது நிமிடம். ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள், பதினொன்று நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா உள்ளே வாய் திறக்கப்போவதில்லை என்று கேள்விப்பட்டு, நடைவழியில் அவளுடைய கோயில்காரப் பெண் ஒருத்தி கேட்டாள்: "களவெடுக்காட்டி கதைக்கலாம்தானே?"

ஜெசிந்தா என்னிடம் திரும்பினாள். "சொல்ல வேண்டியதை ஒருக்காச் சொல்லிப்போட்டன் அத்தான். தினமும் சொல்ல இதென்ன செபமாலையோ?"

உள்ளே நீதிபதியின் மேசை மேல் தட்டு, உறையில். அவளுடைய வழக்கறிஞர் கேட்டது ஒன்றுதான்: மன்னிப்புக் கேட்கப் போனவரை ஜெசிந்தா அனுப்பினாரா? அன்ரன் அண்ணை எழுந்து, "இல்லை, நல்லெண்ணத்திலை நானாத்தான் போனனான்" என்றார். வேறு சாட்சியம் இல்லை. ஜெசிந்தா எதுவும் பேசவில்லை. நீதிபதியும் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. விடுதலை.

இப்படி ஒரு வழக்குக்குப் போகிறவர்களுக்கு: கடவுச்சீட்டு கட்டாயம், பைகளைச் சோதிப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அது உரிமை, சலுகை அல்ல. வாசித்துப் புரியாததில் கையெழுத்து வைக்காதீர்கள். ஊர்ப் பெரியவர் சமாதானம் பேசக் கிளம்பினால் கதவை மறித்து நில்லுங்கள்.

ஞாயிறு பூசை முடிந்து அன்ரன் அண்ணை எல்லோர் முன்னாலும் வந்தார். "பாத்தியே பிள்ளை, நான் அண்டைக்குப் போய்க் கதைச்சதாலைதான் லேசா முடிஞ்சுது."

"ஓம் அண்ணை," என்றாள் ஜெசிந்தா. "ஆனா இந்த வழக்கிலை களவு போனதெண்டு நிரூபிக்கக்கூடியது என்ர தட்டு ஒண்டுதான். எடுத்த ஆளும் கோட்டிலை ஒப்புக்கொண்டிட்டார்."