சேனை வைத்த விரல்

கர்ப்பத்தில் எனக்குச் சுகர் இருந்ததால், பிறந்த மகனின் குதிகாலில் குத்தி, ரத்தப் பொட்டைத் தாளில் காயவைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வீடு திரும்பிய பிறகு, சுகர் மிக அதிகம், உடனே வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடி வரை ஆட்டோவில் கதறினேன்: "மாதாவே, என் சீக்கை என்கிட்டயே திருப்பிக் குடு!"

நர்ஸ் கேட்டார்: "அன்னைக்குப் பிள்ளை காலைப் பிடிச்சது யாரு?"

"நாந்தான்," என்றார் கூட வந்த மைனி, என் கணவரின் அக்கா. "கருப்பட்டித் தண்ணியத் தொட்டுப் பிள்ளை நாக்குல சேனை வச்ச கையோட பிடிச்சேன்."

நர்ஸ் குதிகாலைச் சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி குத்தி மீட்டரில் பார்த்தார். சுகர் சரியாக இருந்தது.

மைனி விரலை முந்தானையில் தேய்த்துத் தேய்த்து அழுதார். "பிள்ளைக்கு என் குணம் வரட்டும்னுதான ஏளா சேனை வச்சேன்..."

வழி நெடுக நான் சபித்தது என் ரத்தத்தை. தாளில் இனித்ததோ அவருடைய ஆசை.