ஐஸ்வர்யா எடுத்த படங்கள்

இது கட்டுக்கதை இல்லை. வேல்விழியிடம் கேட்டுப் பாருங்கள், மணி நிமிடத்தோடு சொல்வாள். பட்டப்பகலில், கண்டெய்னர் லாரிச் சத்தத்துக்கு நடுவில் பேயா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அவளும் முதலில் சிரித்தவள்தான்.

தூத்துக்குடி துறைமுக ரோட்டில் ஒரு மாடி அறை. இணையதளம் செய்து கொடுக்கிற கடை. முதலாளி செந்தூர்வேல், வேலைக்கு வேல்விழி ஒருத்தி. போன ஆடி மாதம் உடன்குடி கருப்பட்டி வியாபாரி பால்துரை ஒரு வேலை கொடுத்தார். அவர் கடையின் தளத்துக்குப் படங்களைக் கொடுத்தது அவர் மனைவி செல்லக்கனி. அந்தப் படம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விளக்க வரி எழுத வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்குப் போன் அந்த வரியை வாசித்துச் சொல்லும். பால்துரைக்கு இரண்டு கண்ணும் போய் மூன்று வருடம்.

“படம் பூரா எம்மக ஐஸ்வர்யா எடுத்தது. என்னென்ன எடுத்திருக்கான்னு கேக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

மகளே சொல்லக் கூடாதா என்று கேட்டாள் வேல்விழி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“தை மாசம் மணப்பாட்டுல கடல்ல போயிட்டாம்மா. நாந்தான் கடலப் பாத்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லுளான்னு அனுப்புனேன். கரையில நிக்கச் சொல்லித்தான் அனுப்புனேன். ஏன் எறங்குனான்னு தெரியல.”

இவ்வளவு கேட்டும் வேல்விழியின் சோம்பல் போகவில்லை. எல்லாப் படத்துக்கும் ‘கருப்பட்டி’ என்று ஒட்டிவிட்டாள். மறுநாளே போன் வந்தது.

“எம்மா, எல்லாத்துக்கும் கருப்பட்டின்னே சொல்லுதே. எம்மக கருப்பட்டிய மட்டுமா புடிச்சா?”

வெட்கமாகப் போயிற்று. முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு படத்துக்கு எழுதி முடித்ததும் கரண்ட் போனது. மணி 3.10. கம்ப்யூட்டர் அணைந்தது. 3.40க்குத்தான் வந்தது. திறந்தாள்.

அடுத்த படத்துக்கு வரி இருந்தது.

‘பனையடியில் அப்பா. வெள்ளைச் சட்டைத் தோளில் காக்கா எச்சம். சொன்னால் திட்டுவார்.’

வேல்விழி சிரித்தாள். முதலாளியின் குசும்பு என்று நினைத்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். தோளில் பொட்டாக எச்சம் இருந்தது. செந்தூர்வேலைப் போனில் பிடித்தாள்.

“அண்ணே, நீங்களா எழுதுனீங்க?”

“நான் ஆழ்வார்திருநகரியில கல்யாண வீட்ல கெடக்கேன். யாரு எழுதுனான்னு அதுலயே இருக்கும், பாருளா.”

பார்த்தாள். சேமித்தவர்: வேல்விழி. நேரம்: 3.17.

3.17க்குக் கரண்ட் இல்லை...

மறுநாளும் 3.17. இன்னொரு படம். ‘அம்மா முகம் சுளிப்பது வெயிலுக்கு. உங்கள் மேல் கோபம் இல்லை.’

அழிக்கப் போனாள். அதற்குள் பால்துரை கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்தார்.

“அவ பேசுத மாதிரியே எழுதுதம்மா. நிறுத்திராத.”

எப்படி அழிக்க? நான் எழுதவில்லை என்று எந்த வாயால் சொல்ல? பயம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். தினம் ஒரு வரி வந்தது. அவர் தினம் கேட்டார்.

வரிசையில் கடைசிப் படம் வந்தது. கடல் மட்டும். ஆள் இல்லை.

அன்று கரண்ட் இருந்தது. 3.17. வேல்விழி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

டக்... டக்... டக்...

கட்டத்துக்குள் எழுத்துகள் தாமாக விழுந்தன. ஓரத்தில் எண் ஓடியது. 90. 110. 126. எண் சிவப்பானது. 190.

நூற்று இருபத்தைந்து எழுத்தைத் தாண்டக் கூடாது. செந்தூர்வேலின் கண்டிப்பு. சிவப்பைக் கண்டால் அவள் கை தானாகப் போகும். மூன்று வருடப் பழக்கம்.

போனது.

வெட்டினாள். சேமித்தாள்.

அப்புறம்தான் உறைத்தது.

திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. வெட்டியது அறுபத்தைந்து எழுத்து. எண்ணைப் பார்த்தாளே தவிர, ஒன்றையும் அவள் வாசிக்கவில்லை.

மீதி இருந்தது இதுதான்: ‘அப்பா, இது மணப்பாடு. தண்ணீர் பச்சையாக இருந்தது. கரையில் நின்று சொன்னால் போதும் என்றீர்கள். நான் இறங்கியது எதற்கென்றால்’

போன் அடித்தது.

“அதோட நிக்குதேம்மா... மிச்சத்தச் சொல்லு.”

வேல்விழி அழுதாள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. போனை வைத்துவிட்டார்.

அதன்பிறகு ஒரு எழுத்தும் வரவில்லை. எழுத்து வரம்பையே எடுத்துவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். 3.17 வரும், போகும்.

எட்டாம் நாள் செல்லக்கனி பேசினார்.

“அவுக தெனம் போனக் காதுல வச்சிக்கிட்டு, சொல்லுளா, சொல்லுளான்னு கெஞ்சுதாவம்மா. அந்தக் கடல் படத்த எங்கேருந்து எடுத்த?”

“நீங்க தந்ததுலதான அம்மா இருந்துச்சு?”



“நான் தந்ததுல கடலே கெடயாது. அன்னைக்கு அவ எடுத்ததெல்லாம் கையில இருந்த போன்லதான். அந்தப் போன் இன்னைக்கு வரைக்கும் கரை ஒதுங்கல.”