சிறகும் செதிளும் இல்லாத மீன்

தவசிமுத்துவுக்கு எதையும் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. ராயபுரம் கல்மண்டபத்தில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். கருப்பட்டி வாங்க வந்தவர்கள், போன வாரம் ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தராசுக்குப் பக்கத்தில் போக முடியும். சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் ஏழாம் நாள் சபைக்காரர்கள் பந்தல் போட்டுப் பிரசங்கம் செய்தபோது, வேடிக்கை பார்க்கத்தான் போனார். வேதத்தில் சனிக்கிழமையை ஓய்வுநாள் என்று போட்டிருக்க, நாம் ஏன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறோம் என்று போதகர் கேட்டார். அந்தக் கேள்வியில் மனுஷன் தலைகுப்புற விழுந்தார்.

மனைவி ஜெயக்கொடி விழவில்லை. பிறந்த ஊரிலிருந்து கூடவே வந்த ஞாயிற்றுக்கிழமைக் கோயிலை அவள் விடுவதாக இல்லை. ஹார்பர் ஆட்கள் வாரக்கூலியோடு கடைத்தெருவுக்கு வரும் சனிக்கிழமையன்று அவர் கடையைச் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறந்தால் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இப்படியாக அந்த வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் அடுப்பங்கரையில் பேச்சு இருக்காது.

சபை ஒரு மாடி அறையில் கூடியது. அதில் சேர்ந்து உதவிக்காரர் பொறுப்பும் ஏற்ற தவசிமுத்துவுக்குச் சபையை வளர்க்கவேண்டும் என்று ஒரே ஆசை. அவர் பேச்சைக் கேட்டுக் குப்பத்து மீன்காரர் தேசப்பன் வந்தார். பெண்டாட்டி பச்சையம்மாவையும் பங்காளிகளையும் கூட்டிவந்தார். இயேசு சீக்கிரம் திரும்பி வருவார் என்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது என்றதைக்கூட முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். ஞானஸ்நானத்துக்கு நாள் பார்க்கும் சமயத்தில், நம்மவர் உற்சாகம் தாங்காமல் கடற்கரைக்கே போய், வலையிலிருந்து கொட்டிய மீனைப் பிரித்து வைத்துப் பாடம் நடத்தினார். வேதத்தின்படி சிறகும், அதாவது துடுப்பும், செதிளும் உள்ளது சுத்தம். நண்டு, இறால், சுறா, திருக்கை எல்லாம் அருவருப்பு. இதைவிட மோசமான இடத்தில் இந்தப் பாடத்தை நடத்தியிருக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை குப்பத்திலிருந்து ஒருத்தரும் வரவில்லை. தவசிமுத்துவுக்கு அதில் கோபம் வரவில்லை, காரணம் தெரிந்தாகவேண்டும் என்றுதான் இருந்தது. நேரே தேசப்பன் வீட்டுக்குப் போய்க் கேட்டார். தேசப்பன் வலையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார்.

"சாமி சொல்ட்சின்னா சரிதான் அண்ணாச்சி. ஆனா எங்காத்தா என்னப் பெத்துட்டு சுறாவ துன்னுதான் எனக்குப் பால் குட்த்துச்சி. அத்தப் போயி கலீஜுன்னு நான் எப்டி சொல்றது?"

தவசிமுத்து அந்தப் பதிலை வீடுவரை யோசித்துக்கொண்டே வந்தார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வேதமும் நியாயமாகத்தான் பட்டது.

அந்த மாதமே மகள் ஐரீன் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பையன் பிறந்தான். பால் சரியாகச் சுரக்கவில்லை. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போனது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, யார் சொல்லியோ கேள்விப்பட்டுப் பச்சையம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் பால் ஊறுவதற்கென்று செய்த பால்சுறாப் புட்டு, பூண்டு தூக்கலாகப் போட்டது. பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் பிறந்துவிடும். தவசிமுத்து அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார், பாத்திரத்தை உள்ளே விடவில்லை. பச்சையம்மா பாத்திரத்தோடு திரும்பிப் போனாள்.

ஜெயக்கொடி உள்ளே போய் மகளின் டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். விடிந்ததும் திருவொற்றியூரில் மாமியார் வீட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாள். பெற்ற வீட்டில் பிள்ளைக்குப் பால் இல்லை என்று சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொள்ளவேண்டியதுதான் என்றாள். பச்சை உடம்போடு ஏன் போகவேண்டும் என்று தவசிமுத்து மகளைக் கேட்டார்.

ஐரீன் பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே பேசினாள். "சபைக்கு வராதவிய வீட்டுக்கெல்லாம் போயி ஏன் வரலன்னு கேக்கியப்பா. எனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்த கேட்டியளா?"

அவருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலையில் அவர் சபைக்குப் போகவில்லை. மனைவியிடம் மத்தியானம்வரை பொறுக்கும்படி சொல்லிவிட்டுக் குப்பத்துக்குப் போய் அந்தப் புட்டைக் கேட்டார். பச்சையம்மா நேற்றையதைப் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்திருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வேறதான் செய்யணும். குந்து அண்ணாச்சி" என்றாள். சுறா வெந்து, தோல் உரித்து, உதிர்த்து, வதக்கி முடியும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எதற்குப் பூண்டு, எதற்கு இத்தனை மிளகு என்று கேட்டுக்கொண்டும் இருந்தார். பிறவிக் குணம் போகுமா?

திரும்பும் வழியில் ஆராதனை முடிந்து சபையார் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார்கள். போதகர் எதிரே வந்து, உடம்புக்கு முடியவில்லையா, கையில் என்ன என்று விசாரித்தார். வேறு சந்தில் திரும்பியிருக்கலாம், சோறு என்று சொல்லியிருக்கலாம். தவசிமுத்துவுக்குப் பொய் வராது.

"சுறாப்புட்டு ஐயா. மகளுக்கு."

போதகர் பாத்திரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்றார். என்ன பேசுவார்கள், பொறுப்பு என்னாகும் என்று உதவிக்காரருக்குத் தெரியாதா? தலையசைத்துவிட்டு நடந்தார்.

ஐரீன் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அவர் எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கவளம் எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். அவர் பின்னால் நகர்ந்தார்.

"எனக்கு வேண்டாம்மா. வேதத்துல உள்ளது எனக்கு மாறாது. நீ சாப்பிடு. எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு."

ஐரீன் மென்று விழுங்கினாள். "உப்பு கொஞ்சம் கம்மிப்பா."

தவசிமுத்து எழுந்து போய் அடுப்பங்கரையிலிருந்து உப்பு எடுத்துவந்து, தன் கையாலேயே அந்தத் தட்டில் தூவினார்.