முப்பது மில்லி

ஆண்கள் வார்டில் அவளுக்கு நத்தை என்று பேர். கூட வேலை பார்க்கும் நர்சுகள் வைத்தது. மற்றவர்கள் நாலு கட்டிலை முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்றை முடிப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேலிக்கு அவள் பதில் ஒரு சிரிப்புதான். டாக்டர்கள் எதிரில் அதுவும் வராது, தலையை மட்டும் ஆட்டுவாள்.

அன்று காலை ஏழாம் கட்டிலில் குழாய் ரிப்பேர்க்காரர் துடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் புராஸ்டேட் ஆபரேஷன். சிறுநீர் இறங்கப் போட்டிருந்த டியூபை ரத்தக்கட்டி அடைத்துவிட்டது. காலி செய்து மாட்டிய பையில் அதற்கப்புறம் ஒரு சொட்டு விழவில்லை. அடிவயிறு கல்லாகியிருந்தது.

அடைத்தால் சலைன் விட்டுக் கழுவச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். அவள் போர்வையை விலக்கி, டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, தொடைக்கடியில் நசுங்கியிருக்கிறதா என்று பை வரைக்கும் பார்த்தாள். இல்லை. கையைக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, டியூப் இணைப்பை மருந்துப் பஞ்சால் துடைத்து, அது காயும்வரை நின்றாள்.

"இதுக்குமா காத்திருக்கணும், தாயே?" என்றாள் அவர் மனைவி.

"காஞ்சாத்தான் கிருமி சாகும்மா."

சலைன் நிரப்பிய சிரிஞ்சை டியூபில் பொருத்தி மெல்ல அழுத்தினாள். முப்பது மில்லி போனது. ஒரு துளி திரும்பவில்லை. அதற்கு மேல் கட்டைவிரலை எதுவோ எதிர்த்தது. கையை எடுத்துவிட்டாள்.

"ஒரே அழுத்தா அழுத்துங்க சிஸ்டர்! முப்பது வருஷமா அடைப்பு எடுக்கிறவன் சொல்றேன்!"

"நீங்க எடுக்கிற குழாய்க்கு அந்தப் பக்கம் சாக்கடைங்க. இதுக்கு அந்தப் பக்கம் நேத்து அறுத்த புண்ணு."

"நம்ம வீட்டுக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது, இங்க வந்து யோசனை சொல்றாரு. சும்மா படுங்க," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நத்தை டாக்டருக்குப் போன் செய்தாள்.

"கொஞ்சம் பலமா தள்ளிப் பாருங்க சிஸ்டர். இங்க நூறு பேர் நிக்கிறாங்க."

'சரி டாக்டர்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டுத் தள்ளியிருக்கிறாள். அன்றைய நோயாளி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவள் கை நிதானமானது அதற்கப்புறம்தான். பட்டப்பேர் வைத்தவர்களுக்கு அது தெரியாது.

"இல்ல டாக்டர்," என்றாள். "முப்பது போச்சு, எதுவும் திரும்பல. இனி தள்ள மாட்டேன். நீங்க வரணும்."

"நத்தை சிஸ்டரா பேசுறது?" என்று கேட்டுவிட்டு டாக்டர் போனை வைத்தார்.

கடுகடுவென்ற முகத்தோடுதான் வந்தார். பழைய டியூபை உருவியதும் முகம் மாறியது. அதன் முனைத் துளைகளை எல்லாம் ரத்தக்கட்டி மூடியிருந்தது. கொஞ்சம் பெரிய டியூபைப் போட்டதும் சிறுநீர் சளசளவென்று இறங்கியது. குழாய்க்காரர் ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

"தள்ளியிருந்தா உள்ள கிழிஞ்சிருக்கும்," என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல். போகும்போது அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அவள் சிறுநீர் அளவு குறிக்கும் நோட்டை எடுத்து எழுதினாள். குழாய்க்காரர் தலையைச் சாய்த்துப் பையின் மட்டத்தைப் பார்த்தார்.

"எழுநூத்து முப்பது இருக்கே, எழுநூறுன்னு எழுதுறீங்க?"

"முப்பது நான் விட்டது. அதையும் சேர்த்தா, உங்க கிட்னி செய்யாத வேலையைச் செஞ்சதா ஆயிடும்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "வீட்டுக்குப் போனதும் அந்தக் குழாயைப் பார்த்துடறேன்டி."

"பார்ப்பீங்க, பார்ப்பீங்க."

எட்டாம் கட்டிலுக்கு ஏற்கெனவே நேரமாகியிருந்தது. நத்தை போய்க் கையைக் கழுவினாள், எப்போதும் போல நிதானமாக.